கடவுச்சொல் இல்லா நுழைவும் அதன் மறுப்புகளும்: ஒரு சுருக்க வரலாறு

ஒரு வழங்கியிலிருந்து இன்னொரு வழங்கிக்குக் கடவுச்சொல் இல்லாமல் நுழையும் ஏற்பாடு இன்று கணினித் துறையினருக்கு மட்டும் உரியதன்று. மொழித்தரவகம், மரபணுவியல், வானிலையியல் எனப் பெருந்தரவைக் கையாளும் துறைகள் யாவும் அதை நம்பி இயங்குகின்றன. நள்ளிரவில் தானே இயங்கிக் கோப்புகளைப் படியெடுக்கும் நிரலுக்குக் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்து தர அங்கே ஆளில்லை. ஆகவே எஸ்எஸ்எச் திறவுகோல் இணை ஒன்றை உருவாக்கி, அதில் பொதுத் திறவுகோலை மறுமுனை வழங்கியில் பதிக்கிறோம். எல்லாம் முறைப்படி செய்த பின்னரும் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற ஒரே வரி விடையாக வருவதுண்டு. அதைக் கருவியின் கோளாறு எனக் கருதிப் பாதுகாப்பு விதிகளைத் தளர்த்திவிடும் பழக்கம் ஆய்வகங்களில் பரவலாக உள்ளது. அம்மறுப்புகளுள் பல கோளாறுகள் அல்ல, கடந்தகால ஊடுருவல்கள் கற்பித்த பாடங்கள். அவற்றின் வரலாறு தெரிந்தால் தீர்வும் தெளிவாகும்.

1983இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி இயங்குதளத்தில் ஆர்லாகின், ஆர்எஸ்எச் ஆகிய கட்டளைகள் இடம்பெற்றன. பயனர் தம் கோப்பகத்தில் 'டாட் ஆர்ஹோஸ்ட்ஸ்' என்னும் சிறு கோப்பை வைத்து, தாம் நம்பும் கணினிகளின் பெயர்களை அதில் எழுதிவிட்டால் போதும். அக்கணினிகளிலிருந்து கடவுச்சொல் இன்றி நுழையலாம். இங்கே அடையாளம் என்பது வந்த இடமே. 1024க்குக் கீழ்ப்பட்ட துறை எண்ணிலிருந்து இணைப்பு வந்தால், அதை அனுப்பியது அக்கணினியின் நிருவாகி அதிகாரம் பெற்ற நிரல்தான் என்று மறுமுனை ஏற்றுக்கொண்டது. ஒருவரையொருவர் அறிந்த சில நிறுவனங்களின் வலையமைப்பில் இந்த நம்பிக்கை இயல்பானதாகவே தோன்றியிருக்கும்.

அதன் வலுவின்மையை 1985இல் பெல் ஆய்வகத்தின் அறிக்கை ஒன்றில் ராபர்ட் டி. மோரிஸ் விளக்கினார். இணைப்பின் தொடக்கத்தில் மறுமுனை தரும் வரிசை எண்ணை ஊகிக்க முடிந்தால், விடையைப் பார்க்காமலே நம்பப்படும் கணினியைப் போல் நடிக்கலாம் என்பது அதன் சாரம். 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய புழு நிரலை எழுதியவரும் இவரே. அப்புழு பரவிய வழிகளுள் ஒன்று, கடவுச்சொல்லை ஊகித்து ஒருவரின் கணக்கைக் கைப்பற்றி, அவரை நம்பும் பிற கணினிகளுக்குத் தாவுவது. 1994 டிசம்பர் 25 அன்று கணினி அறிவியலாளர் சுதோமு ஷிமோமுராவின் கணினிகள் மீது நடந்த தாக்குதலில் வரிசை எண் ஊகம் நடைமுறைக்கே வந்தது. தாக்கியவர் 'டாட் ஆர்ஹோஸ்ட்ஸ்' கோப்பில் இரண்டு கூட்டல் குறிகளைச் சேர்த்தார். எந்தக் கணினியிலிருந்தும் எந்தப் பயனரும் வரலாம் என்பது அக்குறிகளின் பொருள்.

அடுத்த ஆண்டே மாற்று வழி பிறந்தது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதைத் தொடர்ந்து, அங்கு ஆய்வாளராக இருந்த டாட்டு யூலோனென் 1995இல் எஸ்எஸ்எச் நிரலை எழுதி வெளியிட்டார். 1976இல் டிஃபியும் ஹெல்மனும் முன்வைத்த பொதுத் திறவுகோல் கருத்தும், அடுத்த ஆண்டு உருவான ஆர்எஸ்ஏ முறையும் இதற்கு அடித்தளமாயின. இப்போது 'எங்கிருந்து வருகிறாய்' என்ற கேள்வியின் இடத்தில் 'எதை மெய்ப்பிக்க முடியும்' என்ற கேள்வி வந்தது. இன்றைய இரண்டாம் பதிப்பு நெறிமுறையில் பயனரின் கணினி அந்த அமர்வுக்கே உரிய தரவின் மீது தனித் திறவுகோலால் கையொப்பமிடுகிறது. திறவுகோல் வலையமைப்பில் பயணிப்பதே இல்லை. ஒட்டுக்கேட்டவர் கைக்குக் கிடைக்கும் கையொப்பம் வேறோர் அமர்வுக்குப் பயன்படாது. இன்று பெரும்பாலோர் பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்எச் 1999 டிசம்பரில் ஓப்பன்பிஎஸ்டி 2.6 உடன் வெளிவந்தது.

இனி, மாணவர் அடிக்கடி சந்திக்கும் மறுப்புக்கு வருவோம். தரவை நெறியாளரோடு பகிர்வதற்காகத் தம் இல்லக் கோப்பகம் முழுவதையும் குழுவினர் எழுதும்படி ஒருவர் திறந்துவிடுகிறார். மறுநாள் அவருடைய திறவுகோலை வழங்கி ஏற்பதில்லை. காரணம் எளிது. கோப்பகத்தில் பிறர் எழுத முடியுமானால், உள்ளிருக்கும் 'டாட் எஸ்எஸ்எச்' கோப்பகத்தையே அவர்கள் அகற்றித் தம் திறவுகோல் கொண்ட ஒன்றை வைக்கலாம். ஷிமோமுராவின் கணினியில் இரண்டு கூட்டல் குறிகள் செய்ததை அந்தப் புதிய கோப்பும் செய்யும். ஆகவே 'ஸ்ட்ரிக்ட்மோட்ஸ்' விதி அத்தகைய திறவுகோல் பட்டியலை நம்ப மறுக்கிறது. விதியை நிறுத்துவது தீர்வன்று. இல்லக் கோப்பகத்தில் குழுவினரின் எழுதும் உரிமையை நீக்குக. 'டாட் எஸ்எஸ்எச்' கோப்பகத்துக்கு 700, திறவுகோல் பட்டியலுக்கு 600 என உரிமை தருக. பகிர்வுக்குத் தனிக் கோப்பகம் கேட்டுப் பெறுக.

மறுப்பின் காரணம் வழங்கியின் பதிவுக்கோப்பில் இருக்கும். வெளியில் நிற்பவருக்கு அது சொல்லப்படாது. பயனர் தம் பக்கத்தில் விரிவான செய்திகளைக் காட்டும் 'வி' விருப்பத்துடன் கட்டளையை இயக்கிப் பார்க்கலாம். திறவுகோல் முன்வைக்கப்படவே இல்லையெனில் சிக்கல் நம் கணினியில் உள்ளது. முன்வைத்த பின் நிராகரிக்கப்பட்டால் பெரும்பாலும் மறுமுனையை ஆராய வேண்டும்.

நேற்றுவரை ஏற்கப்பட்ட திறவுகோல் இன்று மறுக்கப்படுவதற்கும் வரலாறு உண்டு. 2006இல் டெபியன் தொகுப்பில் செய்யப்பட்ட ஒரு மாற்றத்தால், ஓப்பன்எஸ்எஸ்எல் உருவாக்கிய திறவுகோல்களின் தற்செயல்தன்மை ஏறத்தாழ 32,768 வாய்ப்புகளுக்குள் சுருங்கியது. 2008 மே மாதம் அது வெளிப்பட்டதும் அத்திறவுகோல்களை நிராகரிக்கும் பட்டியலே வெளியிடப்பட்டது. 2021இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8, ஷா-1 சார்ந்த ஆர்எஸ்ஏ கையொப்பத்தை இயல்பு அமைப்பிலிருந்து விலக்கியது. பழைய வழங்கியும் புதிய கணினியும் ஒன்றையொன்று ஏற்க மறுப்பதற்கு இது ஒரு காரணம். இங்கே பழுது திறவுகோலில் இல்லை. கையொப்ப முறையே காலாவதியானது.

இவை கல்வி உலகுக்கு வெளியே நடப்பவை என்று எண்ணுவதற்கில்லை. 2020 மே மாதத்தில் எடின்பரோவின் ஆர்ச்சர் மீத்திறன் கணினியும் ஜெர்மனியின் பல கணினி மையங்களும் ஊடுருவலால் பயனர்களுக்கு மூடப்பட்டன. களவுபோன எஸ்எஸ்எச் அடையாளங்களைக் கொண்டே ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவினர். 1988இன் புழு சென்ற அதே வழி. திறவுகோல் முறையில் இருந்த வலிமை, அத்திறவுகோலைக் காக்கும் பழக்கத்தில் இல்லை.

மொழியியலில் ஒழுங்கற்ற வடிவங்களைப் பிழையென ஒதுக்குவதில்லை. பழைய நிலையொன்றின் எச்சமாக அவற்றை ஆராய்கிறோம். இம்மறுப்புகளையும் அவ்வாறே வாசிக்கலாம். தனித் திறவுகோலை நண்பருடன் பகிராதீர்கள். அதற்குக் கடவுத்தொடர் இடுங்கள். தானியங்கு பணிக்குக் கடவுத்தொடர் இல்லாத திறவுகோல் தேவையெனில், குறிப்பிட்ட கட்டளைக்கும் குறிப்பிட்ட முகவரிக்கும் மட்டுமே அது செல்லும்படி மறுமுனையின் பட்டியலில் வரையறுங்கள். 1983இல் தனித்து நின்று தோற்ற முகவரி, இன்று திறவுகோலுக்குத் துணை நிபந்தனையாக நின்று பயன்படுகிறது.