கிராஃபைட்டில் தோண்டிய பள்ளம்

பென்சிலால் ஒரு கோடு இழுங்கள். தாளில் படிந்திருப்பவை கிராஃபைட் ஏடுகள். கரி அணுக்கள் அறுகோணங்களாகப் பிணைந்து, தேனடை போலப் பரந்த ஏடுகள் அவை. ஏட்டுக்கு ஏடு இடைவெளி 0.335 நானோமீட்டர்; ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறிட்டால் ஒரு கூறுதான் நானோமீட்டர். ஏட்டுக்குள் பிணைப்பு வலிது, ஏடுகளுக்கிடையே தளர்ந்தது. ஆகவே ஒட்டும் நாடாவை அழுத்தி உரித்தாலே புத்தம் புதிய பரப்பு கிடைத்துவிடும்.

1981-இல் சுவிட்சர்லாந்தின் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பின்னிக், ரோரர் ஆகியோர் அணுக்களையே காட்டும் கருவி ஒன்றை அமைத்தனர். (1986-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.) கூரிய உலோக ஊசி ஒன்று பரப்பைத் தொடாமல், ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் உயரத்தில் நகரும். இடைவெளியை ஊடுருவி மின்னணுக்கள் பாயும். இடைவெளி 0.1 நானோமீட்டர் கூடினால் மின்னோட்டம் பத்தில் ஒன்றாகக் குறையும். எவ்வளவு நுட்பமான அளவுகோல், பாருங்கள்!

படிக்கும் ஊசியால் எழுதவும் முடியுமா? 1988-இல் கலிபோர்னியாவில், ஐ.பி.எம்.மின் ஃபாஸ்டர் குழுவினர் கிராஃபைட்டின் மேல் ஒரு கரிமத் திரவத்தை இட்டு, ஊசி வழியே நொடிநேர மின்துடிப்பைச் செலுத்தினர். ஒரு புடைப்பு தோன்றியது. மூலக்கூறு பரப்பில் பொருந்திவிட்டது என்றனர். ஆனால் மாறியது மூலக்கூறின் நிலையா, கிராஃபைட்டேயா?

மறு ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பிரெக்ட், க்வேட் முதலியோர் திரவம் ஏதுமின்றிச் சில வோல்ட் துடிப்புகளைச் செலுத்தினர். சில நானோமீட்டர் அகலத்தில், ஓர் ஏட்டு ஆழத்தில் பள்ளங்கள் விழுந்தன! சதுர நானோமீட்டருக்கு 38 அணுக்கள் என்று கொள்ளுங்கள். 4 நானோமீட்டர் அகல வட்டப் பள்ளத்தில் எத்தனை அணுக்கள் அகன்றிருக்கும்? ஏறத்தாழ 480.

மின்சாரம் அணுக்களைப் பிய்த்தெறிந்தது என்று முடிவுகட்டிவிடலாம் அன்றோ? அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. வெற்றிடத்திலும் முயன்றனர். பள்ளம் விழவில்லை. நீராவி இருந்தால்தான் விழுந்தது! துடிப்பு வேதிவினையைத் தூண்டிவிட, கரியும் நீரும் வினைபுரிந்து, கரி வாயுவாக வெளியேறுகிறது என்று கருத இடமுண்டு. செய்முறை வகுப்பில் காற்றின் ஈரப்பதத்தைக் குறிக்கச் சொன்னால் முகம் சுளிக்கும் மாணவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வது வழக்கம்.

கிராஃபைட் வேறொரு விதத்திலும் ஆளை ஏமாற்றும். அதன் மேல் டி.என்.ஏ. இழைகளைப் பார்த்ததாகச் சிலர் படங்கள் வெளியிட்டிருந்தனர். 1991-இல் கிளெமர், பீப் ஆகியோர் அதே போன்ற முறுக்கிழைப் படங்களைக் காட்டினர். அவர்களுடைய கிராஃபைட்டின் மேல் டி.என்.ஏ. சிறிதும் இல்லை, புதிதாக உரித்த வெறும் பரப்பு அது.