ஜாரின் சிலுவையும் காக்கேசியக் குதிரைவீரனும்

ருஷ்யப் படையில் சாதாரண சிப்பாய்களுக்கென்று 1807இல் ஒரு வீரப் பதக்கம் உண்டாக்கினார்கள். வெள்ளிச் சிலுவை, நடுவில், குதிரை மீதிருந்து நாகத்தை ஈட்டியால் குத்தும் புனித ஜோர்ஜ். அதைப் பெற்றவருக்குச் சம்பளம் கூடும், கசையடியும் இல்லை. அந்தப் படையில் முஸ்லிம்களும் இருந்தார்கள். அவர்கள் நெஞ்சில் கிறிஸ்தவப் புனிதர் எப்படி? 1844இல் முதலாம் நிக்கலஸ் மன்னர், கிறிஸ்தவர் அல்லாதோருக்கு ஜோர்ஜின் இடத்தில் இரட்டைத்தலைக் கழுகைப் பொறிக்கக் கட்டளையிட்டார்.

எனக்கு ஆச்சரியம், சிலுவை வடிவம் அப்படியே இருந்ததுதான். எங்கட மார்க்க நூல்களைப் பார்த்தா பிரச்சினையே சிலுவையிலதான் தொடங்குது. வீட்டில் சிலுவை உருவமுள்ள எதையும் நபி (ஸல்) அவர்கள் விட்டுவைத்ததில்லை என்று ஆயிஷா (ரழி) அறிவிப்பது புகாரியில் இருக்கிறது. கழுத்தில் பொன் சிலுவையோடு வந்த அதீ இப்னு ஹாத்திம் (ரழி) அவர்களிடம் அதை எறியச் சொன்னதைத் திர்மிதி பதிகிறார். அறிவிப்பு 'கரீப்' எண்டும் அவரே சொல்லிவைக்கிறார். உயிருள்ளவற்றின் உருவம் என்று பார்த்தாலும், கழுகுக்கு மட்டும் என்ன விதிவிலக்கு?

ஆனா சிப்பாய்கள் கேட்டது வேற. மலைநாட்டு முஸ்லிம்கள் சிலர், பறவை வேண்டாம், குதிரைவீரனே வேண்டும் என்று நின்றார்களாம். ருஷ்ய அதிகாரிகள் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை. முழுசா விழுங்கத் தேவையில்லை. என்றாலும் குதிரையும் ஆயுதமுமே மானமென்றிருந்த ஊரில் அந்த ஆசை விளங்காததல்ல. அவர்கள் கண்ணுக்கு ஜோர்ஜ் ஒரு 'ஜிகித்', தேர்ந்த குதிரைவீரன்.

ஜோர்ஜ் எங்களுக்கு முற்றிலும் அந்நியருமல்ல. மோசுல் அரசனின் வதைகளைத் தாங்கிய நல்லடியார் ஜிர்ஜீஸ் என்று தபரியின் வரலாற்றில் வருபவர் அவர்தான். பலஸ்தீனில் அவரை ஹிழ்ர் (அலை) அவர்களோடு சேர்த்தே பேசுவார்கள்.

1913இன் புதிய சட்டம் கழுகை நீக்கியது. மதம் பாராமல் எல்லோருக்கும் ஜோர்ஜ். அடுத்த வருடமே யுத்தம். காக்கேசிய முஸ்லிம்களின் ஆறு குதிரைப்படைகள் சேர்ந்த 'காட்டுப் படைப்பிரிவு' அந்தச் சிலுவையோடுதான் களத்தில் நின்றது. அவர்களில் செச்சினியரும் இங்குஷியரும் தாகெஸ்தானியரும் எங்களைப் போலவே ஷாபிஈ மத்ஹபினர். கிறிஸ்தவர் இடுப்பில் கட்டும் 'ஸுன்னார்' கயிற்றை ஒரு முஸ்லிம் கட்டினால் என்ன தீர்ப்பு என்று நவவி இமாமின் ரவ்ழாவில் பேச்சிருக்கிறது. நிய்யத்தும் அங்கே பார்க்கப்படுகிறது. அந்த அளவுகோலில், சம்பளத்துக்கும் மானத்துக்கும் சிலுவை குத்திய சிப்பாய் தவறு செய்தார் என்பேன். அவரை ஈமானுக்கு வெளியே தள்ள எனக்குத் துணிவில்லை.