மேசையருகே ஒரு மூதாட்டி

1911-இல் லண்டனில் வால்டர் சிக்கர்ட்டைச் சூழ்ந்திருந்த ஓவியர்கள் பதினாறு பேர் 'கேம்டன் டவுன் குழு' என்ற பெயரில் ஒன்றுகூடினர். மன்னர்களையும் புராணக் காட்சிகளையும் விடுத்து, வாடகை அறைகளையும் இரும்புக் கட்டில்களையும் மங்கிய வெளிச்சத்தில் அமர்ந்திருக்கும் எளிய மனிதர்களையும் அவர்கள் வரைந்தனர். அக்குழுவினருள் ஒருவரான ஹரால்ட் கில்மன், தாம் குடியிருந்த வீட்டிலேயே வசித்த திருமதி மவுன்டர் என்ற மூதாட்டியை 1916-17இல் காலையுணவு மேசையருகே அமர்த்தி வரைந்தார். தலைத்துணியும் சுருக்கம் விழுந்த முகமுமாக அவர் நம்மை நேராகப் பார்க்கிறார். அப்பார்வையில் இரப்பு இல்லை, நாணமும் இல்லை. அரசியருக்கு உரியதாயிருந்த நேர்முகத் தோற்றம் இங்கே ஓர் எளிய மூதாட்டிக்கு வாய்த்திருக்கிறது. 1919-இல், நாற்பத்து மூன்றாம் வயதில், கில்மன் விஷக்காய்ச்சலுக்கு இரையானார்.

அக்குழு பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அகஸ்டஸ் ஜான் அதில் உறுப்பினர். அவருடைய தமக்கை க்வென் ஜானுக்கு அதில் இடமில்லை. ஆயினும் அமைதியை வரைந்தவர்களுள் தலையாயவர் அவரே என்பது நம் எண்ணம். பாரிஸில் தாம் வாழ்ந்த சிறு அறையின் மூலையை அவர் 1907-09 ஆண்டுகளில் வரைந்தார். பிரம்பு நாற்காலி, அதன்மீது சாய்த்த குடை, மேசையில் சில பூக்கள். மனித உருவம் இல்லை. ஆனால் ஒருத்தியின் தனிமை அங்கு முழுமையாக அமர்ந்திருக்கிறது.

நம் கரிசல் சீமையில் ஓவியம் என்ன செய்துகொண்டிருந்தது? பிரிட்டிஷார் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற சி. கொண்டையராஜு (1898-1976), நாடகத் திரைகள் தீட்டிப் பின் கோவில்பட்டியில் நிலைகொண்டார். அவர் வரைந்த 'மீனாட்சி கல்யாணம்' போன்ற படங்கள் அச்சேறி நாட்காட்டிகளாயின. சோழபுரத்திலும் ராஜபாளையத்திலும் வீட்டுச் சுவர்களை அலங்கரித்தவை இத்தகைய தெய்வப் படங்களே. மேலைநாட்டு ஒளிநிழல் நுட்பம் லண்டனில் மூதாட்டியின் கன்னத்தில் படிந்தது. இங்கே தெய்வத்தின் கன்னத்தில் படிந்தது. இதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. நாடகக் கம்பெனிக்கும் நாட்காட்டி அச்சிடுவோருக்கும் வேண்டியது மங்கலம். சமையலறையில் ஓய்ந்து அமர்ந்திருக்கும் பாட்டியின் படத்தைக் காசு கொடுத்து வாங்க ஆள் ஏது?

அந்தப் பாட்டிக்கு இடம் தந்தது நம் உரைநடை. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் என்னும் சிற்றூரில் பிறந்த இருவர் அப்பணியைச் செய்தனர். கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையில், தீபாவளியன்று அநாதைச் சிறுவனுக்குத் தாயாகும் ஏழைப் பெண், மவுன்டர் அம்மையாருக்கு ஒப்பான கம்பீரத்தோடு நிற்கிறாள். கி. ராஜநாராயணனின் 'கதவு' கதையில், வரிபாக்கிக்காகப் பெயர்த்துச் செல்லப்பட்ட கதவு ஒரு குடும்பத்தின் வறுமை முழுவதையும் பேசுகிறது; க்வென் ஜானின் ஆளற்ற நாற்காலியைப் போலவே.

பிரிட்டனில் தூரிகை செய்ததை இங்கே பேனா செய்தது. நம் வீட்டுச் சுவர்களில் தெய்வங்கள் வீற்றிருந்தன. அச்சுவர்களுக்குக் கீழே வாழ்ந்தவர்களின் முகங்களைத் தேடினால், அவற்றை நாம் கதைகளில்தான் காண்கிறோம்.