பட்டணத்துப் பச்சை – 7: டிரைவ்-இன்னுக்கு முன்னால் ஒரு தோட்டம்

சென்னையில் ஐம்பதைத் தாண்டியவர்களிடம் ‘டிரைவ்-இன்’ என்று சொல்லிப் பாருங்கள். கார் ஜன்னலில் மாட்டிய தட்டு, மசால் தோசை, தலைக்கு மேல் மரநிழல் என்று ஆரம்பித்துவிடுவார்கள். கதீட்ரல் சாலையில் 1962 முதல் 2008 வரை உட்லண்ட்ஸ் ஓட்டல் நடந்த அந்த இடம் யார் போட்ட தோட்டம் என்று கேட்டால்தான் யோசிப்பார்கள்.

போட்டது வேளாண் தோட்டக்கலைச் சங்கம். 1835-ல் அதை முன்னின்று தொடங்கியவர் ராபர்ட் வைட், கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டர். அந்தக் காலத்து மருந்துகளில் பெரும்பாலானவை செடிகொடிகளிலிருந்து வந்தவை. டாக்டர் என்றால் தாவரவியலும் தெரிந்திருக்க வேண்டும். கம்பெனிக்கோ பூவைவிடப் பணப்பயிரில்தான் கண். அமெரிக்கப் பருத்தி நம் மண்ணில் விளையுமா என்று பார்க்க, பின்னாளில் வைட்டைக் கோவைக்கே அனுப்பியது.

வைட்டுக்குத் தாவரங்களை வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம்மூர் ஓவியர்கள். கிளையை வரைந்த பிறகு, பிரித்து வைத்த பூவின் மகரந்தத்தாள், சூல்பை, விதை எல்லாவற்றையும் பெரிதாக்கி அதே தாளில் தீட்டுவார்கள். 1838 முதல் 1853 வரை வைட் வெளியிட்ட ‘ஐகோன்ஸ்’ தொகுதிகளில் 2,000-க்கு மேற்பட்ட படங்கள். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு அவர் கோவிந்துவின் பெயரையே வைத்தார்.

அடுத்து வந்தவரும் டாக்டர்தான்: சென்னையிலேயே பிறந்த ஹ்யூ கிளெக்ஹார்ன். சங்கத் தோட்டத்துச் செடிகளை எல்லாம் பட்டியலிட்டு 1853-ல் புத்தகமாக்கினார். மூன்றே ஆண்டுகளில் மதராஸ் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலர் ஆனார்.

ஊர்க்காரர்களுக்கு இந்தப் பெரிய பெயர்கள் தெரியாது. அவர்களுக்குச் சங்கம் என்றால் மலர்க் கண்காட்சி, விதைப் பொட்டலம், வீட்டுக்கு வாங்கிப் போகும் பூச்செடி.

பிறகு நிலம் யாருக்கு என்று அரசுக்கும் சங்கத்துக்கும் நீண்ட வழக்கு. ஓட்டல் இருந்த இடத்தில் 2010-ல் செம்மொழிப் பூங்கா வந்தது. சாலைக்கு எதிர்ப்புறத்தில், சங்கத்திடமிருந்து அரசு மீட்ட நிலத்தில் 2024-ல் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா.

செம்மொழிப் பூங்காவுக்காக முன்பிருந்த பெருமரங்களை வெட்டவில்லை. அன்று கார்களுக்கு மேல் கவிந்த அதே நிழலில்தான் இன்று காலை நடைக்காரர்கள் மூச்சு வாங்க உட்காருகிறார்கள். செடியை வைத்தவர்கள் யாரும் தோசையைப் பற்றியோ வாக்கிங்கைப் பற்றியோ நினைத்திருக்க மாட்டார்கள்.

அடுத்த வாரம்: காய்கறிக்காகப் போட்ட தோட்டம் ஊட்டியின் தாவரவியல் பூங்காவான கதை.

(தொடரும்)