தார், குப்பை, செயப்பாட்டு வினை

மதுரையில் வண்டியூர்ப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு ஓர் அறிக்கை ஞாபகம் வரும். பிளாஸ்டிக் கழிவைச் சேர்த்துப் போட்ட சாலைகள் எப்படி உழைக்கின்றன என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2008இல் வெளியிட்ட அறிக்கை. சென்னை ஜம்புலிங்கம் தெரு, ஈரோட்டில் ஒரு தெரு, மதுரையில் வண்டியூர்ச் சாலை, விளாச்சேரிச் சாலை, தியாகராசர் பொறியியல் கல்லூரி வளாகத்துக்குள் ஒரு சாலை என்று தேர்ந்தெடுத்து அளந்தார்கள். பரப்பின் சொரசொரப்பு, வழுக்கல் தடுப்பு, அடர்த்தி, பாரம் ஏறினால் சாலை எவ்வளவு தாழ்ந்து எழுகிறது, எல்லாவற்றுக்கும் எண் உண்டு. சாலைகள் தேர்வில் தேறிவிட்டன.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். எண்களில் எனக்கு வேலை இல்லை, வினைச்சொற்களில் இருக்கிறது. இந்தத் தொழில்நுட்பம் பற்றி எழுதப்படும் தாள்களில் பெரும்பாலும் கழிவு 'சேகரிக்கப்படுகிறது', 'தரம் பிரிக்கப்படுகிறது', 'சுத்தம் செய்யப்படுகிறது', 'துண்டாக்கப்படுகிறது'. நான்கு வினைகள், ஓர் எழுவாய்கூட இல்லை. ஐந்தாவது வாக்கியத்தில்தான் ஒரு மனிதர் தட்டுப்படுகிறார், அவர் பொறியாளர். செயப்பாட்டு வினை நம் இலக்கணத்துக்குப் புதிதல்ல. ஆனால் அரசாங்கத் தமிழில் அது வெறும் நடை என்று விட்டுவிட முடியவில்லை. யாருக்குக் கூலி எழுத வேண்டும், யார் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்ற கேள்விகளை அது கேட்கவிடாமல் செய்கிறது.

சாலையின் வரலாறு முழுக்க இந்த எழுவாய் மறைப்பு நடந்திருக்கிறது. 'குப்பையில் சாலை' என்பதைப் புதுமை என்று கொண்டாடுகிறோம். தார்ச் சாலையே குப்பையிலிருந்து வந்ததுதான். 1901இல் எட்கர் ஹூலி என்பவர் இங்கிலாந்தில் டென்பி என்ற இடத்தில் ஓர் இரும்பாலையைத் தாண்டிப் போகிறார். அவர் நாட்டிங்காம்ஷயர் கவுண்டியின் சர்வேயர், அதாவது உள்ளாட்சியின் ஆள். பீப்பாய் உடைந்து ரோட்டில் தார் கொட்டியிருந்தது. அதை மறைக்க யாரோ உலைக் கசடை அள்ளிப் போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் மட்டும் புழுதி கிளம்பவில்லை. 1902இல் ஹூலி காப்புரிமை எடுத்தார். நிலக்கரித் தார், வாயு ஆலையின் மிச்சம். கசடு, இரும்பாலையின் மிச்சம். இன்று நாம் தார் என்று சொல்லும் பிட்டுமன், கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் அடியில் தங்குவது. (பொருள் மாறியும் பெயர் மாறவில்லை. 'நெகிழி' என்று எழுதச் சொல்பவர்கள் இதை ஏனோ கண்டுகொள்வதில்லை.) கசடை அள்ளிப் போட்ட அந்த 'யாரோ' யார்? வரலாற்றில் அவருக்குப் பெயர் இல்லை.

நம்ம ஊர்க் கதை இதைவிட மோசம். சென்னை மாகாணத்தில் 1871இலேயே உள்ளூர் நிதிச் சட்டம் வந்து சாலைக்கு வரி வசூலித்தார்கள். 1876-78 பஞ்சத்தில் நிவாரண வேலை என்ற பெயரில் பட்டினி கிடந்தவர்களை மண் வெட்டவும் ஜல்லி உடைக்கவும் விட்டார்கள். ரிச்சர்ட் டெம்பிள் 1877இல் கூலியை ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியக் கணக்குக்குக் குறைத்தார். அந்தக் கூலிக்கு இன்றும் 'டெம்பிள் கூலி' என்றுதான் பெயர். குறைத்தவன் பெயர் நின்றது, உடைத்தவர்கள் பெயர் போயிற்று.

பிளாஸ்டிக் சாலைக்கு வருகிறேன். சும்மா சொல்லக் கூடாது, தியாகராசர் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவனின் யோசனை அழகானது. பிளாஸ்டிக்கைத் தாரில் கலக்கப் பார்த்தால் இரண்டும் எளிதில் ஒட்டாது, தனி இயந்திரம் வேண்டும். அவர் அதைத் தாரில் போடாமல் கல்லில் போட்டார். ஜல்லியைச் சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கி, பொடிசாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகிக் கல்லின் மேல் தோல்போலப் படியும், அப்புறம்தான் தார். கல்லுக்குள் தண்ணீர் இறங்காது, தாரும் நன்றாகப் பிடிக்கும். தாரின் எடையில் பத்தில் ஒரு பங்குவரை மிச்சமாகும். வழக்கமான கலவை இயந்திரமே போதும் என்பதால் சின்னப் பேரூராட்சிகூடச் செய்யலாம். 2006இல் காப்புரிமை கிடைத்தும் அதை விற்றுக் காசாக்காமல் அரசாங்கத்துக்குக் கொடுத்தார். 2018இல் பத்மஸ்ரீ. இவ்வளவும் நியாயம்.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது: பி.வி.சி. சேரக் கூடாது. சூட்டில் குளோரின் சேர்ந்த நச்சு வாயு கிளம்பும். ஆக, சாலையின் வேதியியல் கலவை இயந்திரத்துக்கு முன்னாலேயே, குப்பைக் கொட்டகையில், யாரோ ஒருவரின் விரலில் தொடங்கிவிடுகிறது.

அப்படியொரு கொட்டகைக்கு ஒருமுறை போயிருந்தேன். தகரக் கூரை, வெயில், ஊசிப்போன சாம்பார் வாடை. ஐந்து பெண்கள் குத்தவைத்து உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். கையுறை ஒருவரிடம்தான் இருந்தது, அதுவும் ஒரு கைக்கு மட்டும். எப்படி இனம் பிரிக்கிறீர்கள் என்று கேட்டேன். "கசக்குனா சத்தம் சொல்லிரும் தம்பி," என்றார் வயதான அம்மா ஒருவர். "கெட்டி சாமானெல்லாம் காயலாங்கடைக்காரன் எடுத்துக்கிருவான். ஒண்ணுக்கும் ஆகாத கவருதான் ரோட்டுக்கு." நான் 'நெகிழி' என்று குறித்துக்கொண்டேன். அவர் கடைசிவரை 'கவரு' என்றுதான் சொன்னார். அந்த ரோட்டைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டதற்கு, "எந்த ரோடுன்னு யாரு சொன்னா?" என்றார்.

இந்த விரல்கள் யாருடையவை என்பதை நாம் நாகரிகமாகத் தவிர்க்கிறோம். தமிழ்நாட்டில் குப்பை அள்ளும் வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் அருந்ததியரும் பிற தலித் மக்களும்தான். தீட்டு என்ற கருத்தாக்கம் தொட்டவரை ஒதுக்கி வைக்கிறது. தொழில்நுட்பச் சொல்லாடல் தொட்டவரைச் சொல்லாமல் விடுகிறது. குப்பை 'வளம்' ஆகிவிட்டது, பிரிப்பவரின் இடம் மட்டும் மாறவில்லை.

உள்ளாட்சியின் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சிக்கு ஆகாத பிளாஸ்டிக்கைச் சாலைக்குப் பயன்படுத்துவதை உள்ளாட்சிகள் ஊக்குவிக்க வேண்டும் என்கின்றன. தன் எல்லைக்குள் எந்த உறை விற்கலாம் என்று தீர்மானிக்கும் பலம் ஓர் ஊராட்சிக்கு நடைமுறையில் உண்டா? சரக்கு எங்கோ செய்ததாகிறது, லாபம் எங்கோ போகிறது, காலி உறை மட்டும் பஞ்சாயத்து எல்லைக்குள் விழுகிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பொருட்களுக்குத் தடை வந்தபோது பெட்டிக்கடைக்காரரின் கேரி பேக் பிடிபட்டது. கம்பெனிப் பொட்டல உறைக்கு அப்போது விலக்கு இருந்தது. அந்த விலக்கை 2020இல்தான் நீக்கினார்கள். கவர் தயாரிப்பவர்களுக்கு பிளாஸ்டிக் சாலை நல்ல சாட்சி: பார், வீணாகவில்லை, ரோடாகிவிட்டது! அந்த ரோடு தேய்ந்து உதிரும் தூளைப் பற்றியோ, அடுத்த முறை சுரண்டி எடுக்கும்போது அது எங்கே போகும் என்பது பற்றியோ பேச்சு எழுவதில்லை.

2020இல் 'துப்புரவு' போய் 'தூய்மைப் பணியாளர்' வந்தது. எழுவாய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது என்று சிலர் மகிழ்ந்தார்கள். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தங்கள் வேலையைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்தார்கள். 13ஆம் நாள் நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள்.

பாருங்கள், நானும் அதே வினையில் வந்து விழுகிறேன். குப்பைக்கும் அதே சொல்தானே? திருத்தி எழுதுகிறேன்: போலீஸ் அவர்களைப் பிடித்துக்கொண்டு போனது.

கொட்டகையில் நான் கிளம்பும்போது இயந்திரத்தைப் போட்டார்கள். நறுக்கிய பிளாஸ்டிக் கலர் கலராக, கல்யாண வீட்டு ஜிகினா மாதிரி, சாக்கில் கொட்டியது. சாக்கை எடை போட்டு நோட்டில் ஏற்றினார் ஒரு பையன். கிலோ, தேதி, லாரி எண் என்று மூன்று கட்டங்கள் போட்டிருந்தன. நான்காவது கட்டம் போட அந்தப் பக்கத்தில் இடம் இருந்தது.