பைத்தியக்காரனின் போர்

சாபாவில் இருந்து முவோங் ஹோவா பள்ளத்தாக்குக்குள் இறங்கத் தொடங்கும்போது காலை எட்டு மணி. பத்தடிக்கு அங்கால ஒன்றும் தெரியவில்லை. முன்னால் போன வழிகாட்டி அக்காவின் முதுகுக் கூடைதான் எனக்கு வழி. ஒரு மாத மாணவர் பரிமாற்றத்துக்கு ஹனோய்க்குப் போன நான் ரயிலேறி இந்த மலைக்கு வந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. படங்களில் பார்த்த படிக்கட்டு வயல்களை நேரில் பார்க்கவேணும், அவ்வளவுதான். விளம்பரத் தாளில் 'காலம் தொடாத ஹ்மோங் கிராமம்' என்று போட்டிருந்தது. வரலாறு படிக்கிற பிள்ளைக்கு அந்த வரியிலேயே சந்தேகம் வந்திருக்கவேணும். வரவில்லை.

மூடுபனி கொஞ்சம் விலகினபோது அக்கா கையால் காட்டினா. அவுரிச் சாயம் ஏறி நீலமாகிப் போன கை. அந்தா தா வான், ஸாய் மக்களின் ஊர். இஞ்சால லாவ் சாய், ஹ்மோங் ஊர். பொதுவாக இந்த மலைகளில் கீழே, தண்ணீர்ப் பக்கம் இருப்பது தாய் மொழிக் குடும்பத்துச் சனம், மேலே ஹ்மோங். ஏன் மேலே? பிந்தி வந்ததால். தென் சீன மலைகளில் இருந்து அவர்கள் இந்தப் பக்கம் வரத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். குய்சோ மாகாணத்தில் சிங் அரசுக்கு எதிராக 1854 முதல் 1873 வரை நடந்த கிளர்ச்சி நசுக்கப்பட்ட காலத்தில், தப்பினவர்கள் குடும்பம் குடும்பமாகத் தெற்கே நடந்தார்கள். வந்து சேர்ந்தபோது நல்ல வயல்நிலம் எல்லாம் மற்றவர்களிடம். நாங்கள் 'என்ன வடிவு' என்று கமராவைத் தூக்குகிற சரிவு, வேறு இடம் கிடைக்காதவர்கள் வெட்டின சரிவு.

பிறகு பிரெஞ்சுக்காரர். ஹனோய் வெக்கை தாங்காமல் சாபாவைக் குளிர்வாசத்துக்கு எடுத்துக்கொண்டார்கள், நுவரெலியாவை ஆங்கிலேயர் எடுத்த மாதிரியே. மலையில் அவர்களுக்கு இன்னொரு அக்கறையும் இருந்தது: அபின். இந்தோசீனாவில் அபின் வியாபாரம் காலனி அரசின் ஏகபோகம். அதைப் பயிரிட்ட மலைச்சனத்தில் ஹ்மோங் முக்கியமானவர்கள். அதோடு வரி, கட்டாய வேலை, இடையில் நின்று வரி அறவிட்ட வேற்றின அதிகாரிகளின் பிடுங்கல்.

1918இல் வெடித்தது. இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை, மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், டியன் பியன் பூ பகுதியில். தலைமை தாங்கினவர் பா சாய். வானத்தில் இருந்து தனக்குக் கட்டளை வருகிறது என்றார்; அதைக் கேட்க மரத்தில் ஏறுவாராம். கிளர்ச்சி லாவோஸுக்குள் பரவி, 1921இல் அவர் கொல்லப்படும் வரை நீடித்தது. பிரெஞ்சுக்காரர் அதற்கு வைத்த பெயர் 'பைத்தியக்காரனின் போர்'. ஹ்மோங் மக்கள் சொல்வது 'பா சாயின் போர்'.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. வருசக் கணக்கில் ஒரு பேரரசின் படையை அலைக்கழித்தவரை ஒரு சொல்லில் முடித்துவிட்டார்கள். பைத்தியம் என்றால் வரியைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை, அபினைப் பற்றியும் தேவையில்லை. ஆனால் கிளர்ச்சி அடங்கின பிறகு, லாவோஸில் ஹ்மோங் பகுதிகள் சிலவற்றுக்கு அவர்களின் சொந்தத் தலைவர்களின் கீழ் ஓரளவு நிர்வாகம் கொடுத்ததும் அதே ஆட்சிதான். காரணம் இல்லாத பைத்தியத்துக்கு ஏன் சலுகை? அந்தக் காலப் பதிவுகளில் சனத்தின் பெயர்கூட 'மெயோ'. வியட்நாமிய மொழியில் அதே ஒலி பூனையைக் குறிக்கும்.

எங்கட வகுப்பில் முதல் கேள்வி எப்பவும் 'மூல ஆவணம் எங்கே?' என்பதுதான். ஹ்மோங் மொழிக்கு நெடுங்காலம் பரவலான எழுத்து இருக்கவில்லை. முன்பு இருந்தது, ஓடி வரும்போது ஆற்றில் போய்விட்டது என்று ஒரு கதை. புத்தகத்தைக் குதிரை தின்றுவிட்டது என்று இன்னொன்று. 1950களின் தொடக்கத்தில் லாவோஸில் மிஷனரிமார் ரோமன் எழுத்தில் ஒரு முறை கொண்டுவந்தார்கள். 1959இல் எழுத வாசிக்கத் தெரியாத ஷோங் லூ யாங் என்ற விவசாயி, தானே ஒரு முழு எழுத்துமுறையை உருவாக்கினார். லாவோஸ் போரில் இரண்டு தரப்பும் அவரைச் சந்தேகித்தது. 1971இல் கொன்றுவிட்டார்கள்.

அப்படியென்றால் ஆவணமே இல்லையா? லாவ் சாய்க்குக் கிட்ட மழை பிடித்தது. ஒரு கொட்டிலில் ஒதுங்கி நின்றபோது அக்காவிடம் மரணப் பாட்டைப் பற்றிக் கேட்டேன். ஹ்மோங் வீட்டில் ஒருவர் இறந்தால், 'வழி காட்டும்' பாட்டு ஒன்று பாடுவார்கள். இறந்தவர் வாழ்ந்த ஊர்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிச் சொல்லி, பிறந்த இடம் வரை உயிரைக் கூட்டிக்கொண்டு போகும். அங்கே புதைத்த நஞ்சுக்கொடியை உயிர் சட்டை மாதிரி எடுத்துப் போட்டுக்கொண்டுதான் முன்னோர்களிடம் போகவேணும். ஒரு ஊர் தவறினாலும் வழி தவறும். எந்தக் கச்சேரிப் பதிவை இவ்வளவு கவனமாக வைத்திருக்கிறார்கள்?

பாடிக் காட்டச் சொல்லிக் கேட்கக்கூடாது. சாவு இல்லாத வீட்டுக்குள் அதைப் பாடினால் சாவை அழைத்த மாதிரி. ஊர்ப் பெயர்களை மட்டும் சொல்லுங்கோ என்றேன். தாத்தாவுக்குப் பாடினதில் இருந்து நாலு பெயர் சொன்னா. கொப்பியில் தமிழில் எழுதிக்கொண்டேன். ஐந்தாவது தனக்கு ஞாபகமில்லை, மாமாவுக்குத்தான் தெரியும் என்றா. மாமாவுக்கு எழுபது வயசாம்.