எச்சிலும் ஏனமும்

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே உள்ள தூரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் இராது. ஆயினும், ஒன்று ஆண்டாள் கோயிலையும் அதன் ரதவீதிகளையும் சுற்றி வளர்ந்த புராதன க்ஷேத்திரம், மற்றது பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936இல் நிறுவிய மில்லுக்குப் பின் சங்கொலி கேட்டு எழுந்து உறங்கப் பழகிய ஆலைநகரம் என்ற வேற்றுமையினால், காப்பியும் தேநீரும் இவ்வூர்களுக்கு வந்த வழியும், அவற்றைக் குடிக்க ஜனங்கள் கையாண்ட ஏனங்களும் வெவ்வேறு சரித்திரத்தை உடையன. இன்று இரண்டு ஊர்களின் சாக்கடைகளையும் ஒரே காகிதக் குவளைதான் அடைத்துக்கொண்டு கிடக்கிறது. அது எப்படி வந்தது என்று விசாரிப்பது வீணாகாது.

காப்பி முதலில் குடியேறியது கோயிலைச் சார்ந்த வீடுகளில். பின்னாளில் பால்கோவாவுக்குப் பெயர் பெற்று, 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் வாங்கிய ஊரில் கள்ளிச்சொட்டான காப்பிக்குப் பால் கிடைப்பதில் சிரமம் இருந்திராது. அவ்வீடுகளில் புழங்கிய பித்தளை டம்ளரைக் கவனித்துப் பார்த்தால், ஆசாரத்தின் சாயல் அதன் உருவத்திலேயே படிந்திருப்பது புலப்படும். வாய் வெளிப்புறமாக மடிந்து விளிம்பு கட்டியிருக்கிறது. தலையை அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொள்ளும்பொழுது, காப்பி மோவாயில் வழியாமல் தாரையாக உள்ளே விழுவதற்கு அந்த மடிப்பு உதவுகிறது. அவ்வாறு ஊற்றிக் குடிப்பதற்குச் சூடு தொண்டை பொறுக்கும் அளவுக்குத் தணிய வேண்டும், அதற்காகவே டவரா. நுரைக்காக ஆற்றுகிறோம் என்பதெல்லாம் பிற்காலத்து ரஸனை என்பது என் அபிப்பிராயம். எச்சிற்படாத டம்ளரை எத்தனை பேர் வேண்டுமாயினும் மாறிமாறிப் புழங்கலாம். எறிய வேண்டியது அதில் ஒன்றும் இல்லை.

ஆனால் யார் யார் புழங்கலாம் என்பதற்கு வரம்பு இருந்தது. விருதுநகரிலிருந்து இவ்விரண்டு ஊர்களின் வழியாகத் தென்காசிக்கு 1927இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதை எல்லா ஜாதிப் பிரயாணிகளையும் ஒரே வண்டியில் ஏற்றியதேயொழிய, தென்னாட்டு ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம், பெரியாரும் அவரைச் சார்ந்தோரும் செய்த கிளர்ச்சிக்குப் பின் 1941இல்தான் ஒழிந்தது.

இராஜபாளையத்தின் கதை தேநீரின் கதை. 1930களில் தேயிலை விளம்பர வாரியத்தார் ஊர் ஊராகச் சென்று தேநீரை இலவசமாக ஊற்றிக் கொடுத்து ஜனங்களைப் பழக்கியதும், இங்கே ஆலை எழுந்ததும் ஏறக்குறைய ஒரே காலம். அடி கனத்த கண்ணாடி கிளாஸ்களை ஆறும் எட்டுமாகக் கம்பித் தாங்கியில் செருகிக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் சாலையைக் கடந்து வரும் பையன், ஆலைவாசல் டீக்கடைகளின் நித்திய காட்சியானான். வீட்டுக்கு வாங்கிச் செல்வோர் தூக்குவாளியோடு வருவர். மாஸ்டர் ஆற்றிய தேநீரை அதில் ஊற்றி, மூடியை அழுத்திக் கொடுப்பார். வீட்டில் அந்த மூடியே ஒருவருக்குக் குவளையாகிவிடும். பாலிதீன் பை மலிந்த பிறகு, கொதிக்கும் தேநீரைப் பையில் ஊற்றி ரப்பர் வளையத்தால் முடிந்து கொடுத்தார்கள். தூக்குவாளி பரணுக்குப் போயிற்று.

அந்தக் கண்ணாடி கிளாஸை நினைத்து ஏங்குவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். தென்மாவட்டக் கிராமத்து டீக்கடைகள் பலவற்றில் தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று ஒரு காலத்தில் சிரட்டை இருந்தது. பிற்பாடு தனிக் குவளை வந்தது. குடித்தவரே அதைக் கழுவி, எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். உணவுக்கடையின் பொதுப் பாத்திரத்தைத் தீண்டாமையின் பெயரால் ஒருவருக்கு மறுப்பதை 1955ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கிய பின்னும் இரட்டைக் குவளை நெடுங்காலம் நீடித்தது. எறியும் குவளை வந்தபொழுது, சட்டத்துக்கு அஞ்சியும் வழக்கத்தை விட மனமில்லாமலும் இருந்த கடைக்காரருக்கு அது தந்திரமான ஸௌகரியமாக வாய்த்தது. எல்லோருக்கும் அதையே கொடுத்துவிட்டால் யாருடைய கிளாஸை யார் தொடுவது என்ற கேள்வியே எழாது. சில இடங்களிலோ அவர்களுக்கு மட்டும் எறியும் குவளை, மற்றவர்களுக்குக் கண்ணாடி என்று பழைய பேதமே புது வேஷம் பூண்டது. இனியாவது ஒரே மாதிரியான குவளை கையில் வருகிறதே என்று அதை வரவேற்றவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

காகிதக் குவளையின் தாய்நாடாகிய அமெரிக்காவிலும் அதன் பிறப்புக்குக் காரணம் எச்சிலைப் பற்றிய அச்சமே. ஆனால் அது கிருமியச்சம். ரயிலிலும் பள்ளிக்கூடத்திலும் எல்லோரும் ஒரே குவளையில் நீர் குடிப்பதைக் கான்ஸஸ் மாகாணம் 1909இல் தடை செய்ய, பாஸ்டன் நகரத்து லாரன்ஸ் லூயெல்லன் அப்போதுதான் உருவாக்கியிருந்த காகிதக் குவளைக்கு யோகம் அடித்தது. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றில் நம் கடைகளையும் அதே அச்சம் பிடித்தது. அதுவரை கண்ணாடியைக் கைவிடாதிருந்த கடைகளிலும் கிளாஸ்கள் அலமாரிக்குப் போயின.

இத்தனைக்கும், 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டு அரசாங்கம் தடை செய்த 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் இருந்தது. வெறுங்காகிதம் சூட்டில் ஊறிப் போகும். உட்புறம் ஒட்டிய பாலிதீன் சவ்வினால்தான் குவளை நிற்கிறது. எளிதில் உரிக்க முடியாத அந்தச் சவ்வினால்தான் பழைய காகிதத்தோடு அது சேருவதுமில்லை. அதில் 100 மில்லி சூடான நீரை 15 நிமிஷம் வைத்திருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலப்பதாகக் கரக்பூர் ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர் 2020இல் கண்டனர். உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கில், காகிதக் குவளையின் மீதான தடை செல்லும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு டெல்லியில் இருக்கிறது. ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த பிறகு ரதவீதியைப் பெருக்குகிறவர்களின் கூடையில், அடியில் காப்பி உறைந்த குவளைகள் இருக்கின்றன.

கடைக்காரர்களை விசாரித்தால், கிருமியைப் பற்றியோ ஜாதியைப் பற்றியோ முதலில் பேசுவதில்லை. கிளாஸ் கழுவ ஆள் அகப்படவில்லை என்பார்கள். அது மெய்யே. முன்னாளில் அவ்வேலையைச் செய்தவர்கள் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள். 14 வயதுக்குட்பட்டோரை டீக்கடைகளில் வைத்து வேலை வாங்குவது 2006 அக்டோபர் 10 முதல் தடை செய்யப்பட்டது. ஆகவே, நாம் மலிவென்று கொண்டாடிய கண்ணாடி கிளாஸின் சிக்கனம் அந்தச் சிறுவனின் கூலியிற் பிடித்த சிக்கனமே. வயது வந்த ஒருவருக்கு முறையான கூலி கொடுத்து, வெந்நீரும் வைத்துக் கழுவினால் காப்பியின் விலை சற்று ஏறும்; ஏறட்டும். தூக்குவாளி கொண்டுவருபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அதை அவர் வீட்டில் கழுவிக்கொள்வார்கள், அதாவது பெரும்பாலும் அவருடைய மனைவி கழுவுவாள்.